மேஸ்திரியின் நோட்டில் இல்லாத பெயர்

அன்புள்ள செல்வத்துக்கு,

நலம்தானே? உன் சைட் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே ரூஃப் கான்கிரீட் போட்டு க்யூரிங் நடக்கிறது.

புதிய தொழிலாளர் சட்டங்களால் நமக்கு என்ன மாறும் என்று கேட்டிருந்தாய். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன, 1996-ஆம் வருடக் கட்டடத் தொழிலாளர் சட்டமும், அவர்கள் நலனுக்காகக் கட்டுமானச் செலவில் வரி வாங்கும் செஸ் சட்டமும் அவற்றுக்குள்ளேயே அடக்கம். எனக்கு இதில் பெரிதாகப் படுவது பணி நியமனக் கடிதம்தான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும்.

நம் சைட்டில் ஆள் கணக்கு எப்படி இருக்கிறது என்று உனக்கே தெரியும். மேஸ்திரியின் பாக்கெட் நோட்டில் 'கொத்தனார் 2, சித்தாள் 3, ஐந்தரை நாள்' என்று இருக்கும், சனிக்கிழமை சம்பளம் பட்டுவாடா ஆனதும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார். திங்கட்கிழமை சாரத்திலிருந்து ஒருத்தி விழுந்தால் அவள் அங்கே வேலை பார்த்தாள் என்பதற்கே அத்தாட்சி கிடையாது. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்ததைக் காட்டவும் இதே திண்டாட்டம்தான்.

வெளிமாநிலப் பையன்கள் விஷயத்திலும் ஒரு நல்லது நடந்திருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளருக்கான 1979 சட்டம் காண்ட்ராக்டர் மூலமாக வந்தவர்களை மட்டும்தான் கணக்கில் எடுத்தது. இப்போது தானாக ரயிலேறி வந்தவரும் அதில் சேர்கிறார்.

ஆனால் என் மனது ஒப்பாத இடமும் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பை 20 பேரிலிருந்து 50 ஆக்கிவிட்டார்கள். 30 ஆள் வைத்திருக்கும் சென்ட்ரிங் மேஸ்திரிக்கு லைசென்ஸே தேவையில்லை என்றாகிறது, நம் ஊரில் பாதி வேலை அவர் மாதிரி ஆட்களிடம்தானே நடக்கிறது? சொந்தமாகக் குடியிருக்க வீடு கட்டுபவருக்குக் கட்டுமான விதிகளிலிருந்து கிடைக்கும் விலக்கின் செலவு வரம்பும் 10 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்கு ஏறிவிட்டது. சின்ன வீடு கட்டும் இடங்களில்தான் ஹெல்மெட்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை.

அதனால் ஆய்வாளர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதே. நியமனக் கடிதத்துக்குப் பெயர், வேலை, தினக்கூலி, சேர்ந்த தேதி இருந்தால் ஒரு பக்கம் போதும். நான் தமிழிலும் இந்தியிலும் அடித்து வைத்திருக்கிறேன், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மேஸ்திரி முதலில் முரண்டு பிடிப்பார், பேசிப் பார். அவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
குமரேசன்