கோப்ளினுக்கும் உயிர்மேல் ஆசை உண்டு

அன்புள்ள தம்பிக்கு,

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டில் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவன்) ஆனதிலிருந்து கதை நன்றாக ஓடுகிறது, குரல் மாற்றிப் பேசுவதும் பழகிவிட்டது, சண்டை வந்தால் மட்டும் மேசையே சப்பென்று ஆகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். மருந்தும் நீயே சொல்லியிருந்தாய்: இனிமேல் கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் ஹிட் பாயின்டை, அதாவது சாவதற்குமுன் தாங்கும் அடியின் அளவை, இரட்டிப்பாக்கப் போகிறாயாம். வேண்டாம். 7 ஹிட் பாயின்ட் உள்ள கோப்ளின், விளையாடுகிறவர்களின் வீரனான ஃபைட்டரின் வாளுக்கு நேராக வந்து நின்று செத்தால் சப்பென்றுதான் இருக்கும். அதுவே 14 ஹிட் பாயின்டோடு வந்து நின்றால் இரண்டு மடங்கு நேரம் சப்பென்று இருக்கும்.

குறை எண்ணில் இல்லை. உன் கோப்ளின்கள் சாகவென்றே கிளம்பி வருகின்றன, அதுதான் குறை. குழந்தை உயரம், கிழிந்த தோல் கவசம், சுற்றிலும் தன்னைவிடப் பெரிய பிராணிகள். அப்படிப்பட்ட காட்டில் இத்தனை வருஷம் பிழைத்திருக்கும் ஒரு ஜந்து, தலை முதல் கால் வரை இரும்பு போட்ட ஆளைக் கண்டதும் கத்திக்கொண்டு ஓடிவந்து எதிரில் நிற்குமா? அப்படி நிற்கிற ஜாதியாக இருந்தால் உன் பார்ட்டி (விளையாடுகிறவர்களின் பாத்திரக் குழு) வருவதற்கு முன்பே அந்தக் காட்டில் கோப்ளின் பூண்டற்றுப் போயிருக்கும்.

அப்புறம் அது என்னதான் செய்யும்? பாதி பதில் ஸ்டாட் பிளாக்கிலேயே, அதாவது மான்ஸ்டரின் எண்கள் அச்சிட்ட கட்டத்திலேயே, இருக்கிறது. நீ வைத்திருப்பது 2014 பதிப்பு என்பதால் அதிலிருக்கும் எண்களையே சொல்கிறேன். கோப்ளினுக்கு ஸ்டெல்த், அதாவது பதுங்கும் திறமை, +6. இருட்டில் 60 அடி வரை கண் தெரியும். சின்ன வில் 80 அடி வரை தடங்கலில்லாமல் அடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் நிம்பிள் எஸ்கேப், அதாவது தன் முறையில் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனிலேயே டிஸ்எங்கேஜ் செய்யலாம் (எதிரியிடம் அடிவாங்காமல் விலகலாம்), இல்லாவிட்டால் ஒளிந்துகொள்ளலாம். நீ இதுவரை இவற்றைத் தனித்தனி வரிகளாகப் பார்த்திருக்கிறாய். சேர்த்துப் படித்தால் ஒரு பிழைப்பு தெரியும்: இருட்டும் வரை காத்திரு, மறைவிலிருந்து எய், எய்த இடத்தில் நிற்காதே, யாராவது கிட்டே வந்தால் நழுவு.

மீதிப் பாதி ஸ்டாட் பிளாக்கில் இருக்காது. கோப்ளினுக்கு என்ன வேண்டும் என்பதை நீதான் முடிவு செய்யவேண்டும்.

ஒரு சண்டையை நடத்திக் காட்டுகிறேன். பொழுது சாய்ந்த நேரம், காட்டுப் பாதை, நான்கு கோப்ளின்கள். அவற்றுக்குப் பார்ட்டியின் உயிர் எதற்கு? கோவேறு கழுதைமேல் இருக்கும் மூட்டைகள்தான் வேண்டும். முதல் ரவுண்டில் இடதுபக்கப் புதரிலிருந்து இரண்டு அம்புகள். ஒளிந்திருந்து எய்வதால் இரண்டுக்கும் அட்வான்டேஜ், அதாவது இருபதுமுகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். குறி தீப்பந்தம் பிடித்திருப்பவன், ஏனென்றால் அந்த இருட்டில் பளிச்சென்று தெரிவது அவன்தான். எய்த கையோடு இரண்டும் 30 அடி நகர்ந்து வேறு மரங்களின் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. உன் ஃபைட்டர் என்ன செய்வான்? அம்பு வந்த புதருக்கு ஓடுவான். புதர் காலி. இரண்டாவது ரவுண்டில் அதே பக்கம், இன்னும் உள்ளே தள்ளி, இன்னும் இரண்டு அம்புகள். இன்னும் ஓடுவான். இப்போது வலதுபக்கத்திலிருந்து மூன்றாவது கோப்ளின் சத்தமில்லாமல் வந்து கழுதையின் கயிற்றை அறுக்கிறது. பாதையில் மிச்சம் நிற்பது மந்திரவாதியான விசார்டு மட்டும். நான்காவது, கழுதை போகவேண்டிய வழியில் கண்ணி கட்டிவைத்து, துரத்தி வருகிறவனுக்காகக் காத்திருக்கிறது.

ஒரு அம்புக்குச் சராசரி 5 டேமேஜ். மூன்றாம் லெவல் பார்ட்டிக்கு அது கொசுக்கடி. ஆனால் “டேய், கழுதை!” என்று யாராவது ஒருவர் கத்தும் அந்த நொடியில் மேசை முழுக்க நிமிர்ந்து உட்காரும். நீ ஒரு ஹிட் பாயின்ட்கூட ஏற்றவில்லை, கவனி.

பார்ட்டிக்கும் வழி அடைபட்டுப் போகவில்லை. தீப்பந்தத்தை அணைக்கலாம், தூரமாக எறியலாம். தலை தெரிந்தால் எய்வேன் என்று ஆக்‌ஷனை ரெடியாக வைத்துக் காத்திருக்கலாம். திருடனான ரோக் தானும் ஒளிந்து சுற்றிப் போகலாம். ஒருவன் கழுதைக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாலே கோப்ளின்களின் திட்டம் பாதி பாழ். இப்படி வழி இருக்கும்போதுதான் புத்திசாலி எதிரி ருசிக்கும். ஆனால் ஒளிந்து எய்கிற விளையாட்டை இரண்டு மூன்று ரவுண்டுக்கு மேல் இழுக்காதே. அதற்குள் மூட்டை கிடைக்கவேண்டும், இல்லையென்றால் அவை கிளம்பிவிட வேண்டும். ஆறாவது ரவுண்டிலும் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருந்தால் விளையாடுகிறவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

கிளம்புவதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. உன் மான்ஸ்டர்கள் ஓடுவதே இல்லை. கடைசி ஆள் வரை நின்று சாகின்றன. இது நீ கண்டுபிடித்த பழக்கம் இல்லை, இன்றைக்கு முக்கால்வாசி மேசைகளில் அப்படித்தான். ஆனால் 1981இல் வந்த, இதே விளையாட்டின் பேசிக் விதிகளில் ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் மொரால் (மன உறுதி) என்று ஒரு எண் இருந்தது. அந்தப் பக்கத்தில் முதல் சாவு விழுந்ததும் ஒருமுறை, பாதிப் பேர் விழுந்ததும் ஒருமுறை, இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டவேண்டும். மொத்தம் மொரால் எண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரண், தாண்டாவிட்டால் சண்டை தொடரும். கோப்ளினுக்கு அந்த எண் 7. கணக்குப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஓடுவதற்கு ஏறக்குறைய 42 சதவீதம். கோப்ளின் ராஜா கூட இருந்தால் எண் 9 ஆகும், ஓடும் வாய்ப்பு 17 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஸோம்பிக்கு 12, அதாவது ஓடவே ஓடாது. அந்த ஓர் எண்ணில் எவ்வளவு கதை அடங்கியிருக்கிறது பார். ராஜாவை முதலில் வீழ்த்தினால் கூட்டம் கலையும் என்று சொல்லாமலே புரிந்துவிடும், விளையாடுகிறவர்கள் குறிவைக்க ஓர் இலக்கும் கிடைத்துவிடும்.

2014 டிஎம் கையேட்டிலும் விருப்ப விதியாக ஒன்று உண்டு, விஸ்டம் சேவ், டிசி 10, அதாவது இருபதுமுகப் பகடையோடு விஸ்டம் எண்ணைக் கூட்டி 10 எட்டாவிட்டால் ஓட்டம். யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை என்பது என் சந்தேகம். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், ஆனால் ஓட விடு. ஓடிப்போன கோப்ளின் குகையில் போய்ச் சொல்லும். அடுத்த வாரம் அந்தக் குகை விழித்திருக்கும். சரணடைந்த கோப்ளின் பேசும், பொய் சொல்லும், வழி காட்டும். செத்ததால் உனக்கு என்ன பிரயோஜனம்?

கோபோல்ட் என்ற இன்னொரு குட்டி ஜந்தைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. 1987 நவம்பரில் டிராகன் பத்திரிகையின் 127ஆவது இதழில் ஆசிரியர் ராஜர் மூர் எழுதியது, டக்கர் என்ற டிஎம் நடத்திய டன்ஜன் (நிலவறை) பற்றி. உள்ளே போனவர்கள் ஆறாம் லெவலிலிருந்து பன்னிரண்டாம் லெவல் வரை இருந்தவர்கள். முதல் நிலையில் இருந்தவை வெறும் கோபோல்டுகள். பார்ட்டி உள்ளே வந்ததும் பின்னால் கதவை அடைத்துத் தாழிட்டுவிட்டு, தாழ்வாரத்துக்கே தீ வைத்துவிட்டன. பத்தாவது நிலையில் இருக்கும் நெருப்புப் பேய்களே தேவலை என்று ஆகிவிட்டது அவர்களுக்கு. கோபோல்டின் எண்களில் ஒன்றும் மாறவில்லை. இடம் அவற்றுடையது, அவ்வளவே.

உன் 2014 பதிப்பின் கோபோல்டிலும் அதே விஷயம் கணக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. 5 ஹிட் பாயின்ட், அடிக்க +4. ஆர்மர் கிளாஸ் (அடி படப் பகடையில் எட்டவேண்டிய எண்) 18 உள்ள உன் ஃபைட்டரைத் தனியாக அடித்தால் 35 சதவீதம் படும். அவனை ஒட்டி இன்னொரு கோபோல்ட் நின்றால் பேக் டாக்டிக்ஸ் என்ற கூட்டுத் தாக்குதல் திறன், அட்வான்டேஜ், 58 சதவீதம். வெயிலில் தனியாக மாட்டிக்கொண்டால் 12 சதவீதம்தான், ஏனென்றால் வெயில் அதற்கு ஆகாது. ஆக எந்தக் கோபோல்டும் பகலில் வெளியே வந்து சண்டை போடாது, தனியாக ஒருபோதும் போடாது. நீ போன தடவை நடுப்பகலில் மைதானத்தில் இறக்கினாயே, அவை பாவம்.

கோப்ளினின் பெரிய, ராணுவ உறவான ஹாப்கோப்ளின் இன்னும் ஒழுங்கு. கூட்டாளி ஒருவன் எதிரியின் 5 அடிக்குள் இருந்தால் அதன் அடியில் 7 டேமேஜ் கூடும், சராசரி 5 என்பது 12 ஆகிவிடும். இது வில்லுக்கும் பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கேடயத்தோடு முன்வரிசை எதிரியை ஒட்டி நிற்க, பின்வரிசை தூரத்திலிருந்து அதே ஆளை எய்யும். விசார்டு வீசும் முதல் ஃபயர்பால் (நெருப்புருண்டை) வரை கூட்டமாக நிற்கட்டும். விழுந்த பிறகும் கூட்டமாக நின்றால் அது ராணுவம் இல்லை.

ஓநாய்க்கு யுத்தமே வேண்டாம், சோறு வேண்டும். தெருநாய் ஓடுகிற வண்டியைத்தான் துரத்தும் இல்லையா, அதேபோலத்தான்: கடைசியில் வருபவன், தனியாக விலகியவன், சின்ன உருவம். கடித்துக் கீழே தள்ளும், இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். ஒன்றுக்குப் பலமாக அடிபட்டால் மற்றவை யோசிக்கும். விசார்டைத் தேடிப்பிடித்துக் மந்திரத்தைத் தாங்கும் கான்சன்ட்ரேஷனைக் கலைப்பதெல்லாம் ஓநாய்க்குத் தெரியாது. இன்டெலிஜென்ஸ் 3.

இங்கேதான் புது டிஎம்கள் வழுக்குகிறார்கள். “புத்தியாக நடத்து” என்று சொன்னதும் எல்லா மான்ஸ்டரும் நேராகக் காயம் ஆற்றும் கிளெரிக்கிடம் போய்விடும். அது டிஎம்முடைய புத்தி, மான்ஸ்டருடையது இல்லை. யாருக்கு எத்தனை ஹிட் பாயின்ட் மிச்சம், யார் கையில் எந்த மந்திரம் என்று உனக்குத் தெரியும். மரத்தின் பின்னால் இருப்பதற்குத் தெரியாது. விழுந்தவனைக் கிளெரிக் தொட்டு எழுப்புவதை ஹாப்கோப்ளின் தலைவன் கண்ணால் பார்க்கட்டும். பார்த்ததும் விரல் நீட்டி, “அவளை முதலில்!” என்று வாய்விட்டுக் கத்தட்டும். உன் மேசைக்கும் அது கேட்கும், ஒரு ரவுண்ட் அவகாசம் கிடைக்கும். அந்தக் கூச்சல் இல்லாமல் நான்கு பேர் சட்டென்று கிளெரிக்மேல் பாய்ந்தால் எனக்கே கோபம் வரும், நான் உன் அக்காவாக இருந்தாலும்.

விழுந்து கிடப்பவரை அடிப்பது பற்றியும் கேட்டிருந்தாய். மயங்கியவரை 5 அடிக்குள்ளிருந்து அடித்தால் பட்ட அடி எல்லாமே கிரிட்டிகல் (இரட்டைப் பகடை அடி), ஒரே அடியில் இரண்டு டெத் சேவ் (மூன்று தோற்றால் சாவு) போய்விடும். புத்தியுள்ள எதிரிக்குக்கூட, நின்றுகொண்டு வாள் வீசுபவன் இருக்கும்போது கிடப்பவனைக் குத்துவது வீண் வேலை. பிணம் தின்னும் பசித்த கூல் செய்யும். கூலிக்கு வந்த கொலைகாரன் செய்வான். மற்றவை செய்ய ஒரு காரணம் வேண்டும். இதைச் செய்யப்போகிறாய் என்றால் கேம்பெய்ன் (தொடர் கதை) தொடங்கும்போதே மேசையில் சொல்லிவிடு, நடுவில் அதிர்ச்சி வைத்தியம் வேண்டாம்.

இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்து யோசித்தால் ஆட்டம் ஊர்ந்துபோகும். நான் ஒரு துண்டுத் தாளில் மான்ஸ்டர் வகை ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்வேன்: என்ன வேண்டும், முதல் ரவுண்டில் என்ன செய்யும், எப்போது கிளம்பும். அதற்கு மேல் எழுதினால் படிக்க நேரம் இருக்காது.

கடைசியாக உன் ஓகர், அந்த மந்தப் புத்தி ராட்சதன். அதையும் பதுங்கவைக்கலாமா, வலை விரிக்கவைக்கலாமா என்று ஆசையாகக் கேட்டிருக்கிறாய். விட்டுவிடு, அது மக்காகவே இருக்கட்டும். இன்டெலிஜென்ஸ் 5, 59 ஹிட் பாயின்ட், கிட்டே நிற்பவன்மேல் பெரிய தடி, அதற்கு அது போதும். திட்டம் போடுகிற எதிரிகளாகவே வரிசையாக வந்தால் ஆர்மர் கிளாஸ் 18க்குக் காசு சேர்த்தவன் எப்போதுதான் சந்தோஷப்படுவான்? ஃபைட்டர் கேடயத்தைத் தட்டிக் கூப்பிட்டால் ஓகர் விசார்டை மறந்து அவன்பக்கம் திரும்பட்டும். பன்றி இறைச்சியை எறிந்தால் சண்டையையே மறக்கட்டும். வேண்டுமானால் அதன் தோள்மேல் ஒரு கோப்ளினை உட்காரவை, அது காதில் கத்தி வழிசொல்லட்டும். அந்தக் கோப்ளின் விழுந்தபிறகு ஓகர் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு நீ பகடையை உருட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா