லாங்வுட் சோலை: மார்ச் மாதத்தில் வேலை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோத்தகிரி லாங்வுட் சோலை 2024 ஜனவரி கடைசியில் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கரைவெட்டிப் பறவைகள் சரணாலயமும் அதே அறிவிப்பில்தான் வந்தது. ஏரிக்கும் சதுப்புக்கும் கொடுக்கிற பட்டம் மலைக்காட்டுக்கு எதற்கு என்று வெளியூரில் இருக்கும் என் தங்கை போனில் கேட்டாள். சோலைக்குக் கீழே உள்ள ஊர்களில் குழாயைத் திறந்து பார், பதில் வரும் என்றேன். பட்டம் வந்ததில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் பட்டத்தோடு திட்டமும் பணமும் வரும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் சிறு தேயிலை விவசாயி. எங்கள் தோட்டத்தின் மேல் வரிசைச் செடிகள் சோலையில் போய் முட்டுகின்றன. நடுவில் ஒரு ஆள் நடக்கிற பாதை, அவ்வளவுதான். காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்லட்டும். ஓரத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஓரம்தான் இந்தச் சோலையின் பெரிய பிரச்சினை. பரப்பு 116 ஹெக்டேர் என்கிறார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: காடு கச்சிதமான வட்டமாகவே இருந்தாலும், நட்டநடுவில் நிற்பவர் எந்தப் பக்கம் நடந்தாலும் 600 மீட்டரில் வெளியே வந்துவிடுவார். ஓரத்து வெயிலும் காற்றும் 100 மீட்டர் உள்ளே போகிறது என்று வையுங்கள், ஏறக்குறைய 35 ஹெக்டேர் கெட்டுப்போகிறது. சோலை வட்டமாகவும் இல்லை. வளைந்து நெளிந்து கிடக்கிறது. ஆகவே நஷ்டம் இன்னும் கூடும்.

இதனால் முதலில் அடிபடுவது தரையை நம்பி வாழும் பறவைகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே உள்ள 26 பறவை இனங்களில் 14 லாங்வுட்டில் இருப்பதாக ராம்சார் அறிவிப்பின்போது அரசே சொன்னது. அவற்றில் நீலகிரி சோலைக்கிளியைப் பார்த்தவர்கள் குறைவு. கிளி என்று பெயர், ஆனால் ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவே உள்ள நீலப் பறவை. இருட்டான புதருக்கு அடியில், ஈர இலைச் சருகைப் புரட்டிப் பூச்சி தின்னும். மரத்தின் தாழ்வான பொந்திலோ மண்மேட்டின் குழியிலோ பாசியும் வேரும் சேர்த்துக் கூடு கட்டும். வெட்டவெளியைத் தாண்டிப் பறக்கத் தயங்குகிற இனம். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே கொடைக்கானல், ஆனைமலைப் பக்கம் இருப்பது இதன் உறவு இனம். இது அங்கே இல்லை. இங்கே போனால் போனதுதான்.

நீலகிரி சிரிப்பான் அப்படி அல்ல, கூச்சமில்லாதது. காலையில் கூட்டமாக வந்து எங்கள் வேலியோரம் தவிட்டுப்பழம் தின்றுவிட்டுக் கெக்கெக்கே என்று சத்தம் போடும். இலை பறிக்கிற அக்கா ஒருவர் அதைக் கேட்டால், "மேஸ்திரி வந்துட்டார்" என்பார். இதையும் சோலைக்கிளியையும் அழியும் ஆபத்தில் உள்ளவை என்றுதான் உலகப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். திட்டம் எழுதுகிறவர்கள் சிரிப்பானை எண்ணிவிட்டு எல்லாம் நலம் என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அது தோட்டத்திலும் பிழைத்துக்கொள்ளும். சோலைக்கிளி பிழைக்காது.

இனி வேலை விஷயம். 1996இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்றது. அந்த வழக்கே எங்கள் மாவட்டத்தில் கூடலூர் காட்டை வைத்துப் பிறந்தது. ஆகவே திட்டத்தில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் கனம் உண்டு. எழுதாமல் விட்டதைப் பத்து வருஷத்துக்குச் செய்யவும் முடியாது. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கையும் வெளியிட்டது. சீகை என்று நாங்கள் சொல்லும் வாட்டில் மரம், உண்ணிச்செடி, செஸ்ட்ரம் எல்லாம் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆரஞ்சுப் பூ பூக்கிற அந்த செஸ்ட்ரம் எங்கள் பாதையோரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. வெட்டினால் அடுத்த மழைக்கு அடியிலிருந்து ஐந்தாறு தளிர் விடும். எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் எனக்குப் பயம்.

அரசுப் பணத்துக்கு மார்ச் 31 கெடு. மழைக்காலம் முழுக்க எந்தக் கோப்பும் நகராது. மாசி பிறந்ததும் அரிவாளோடு ஆட்கள் வருவார்கள், பின்னால் ஒரு லாரி வரும். சிரிப்பான் கூடு கட்டத் தொடங்கும் காலம் அதுதான். சித்திரையில் சோலைக்கிளியும் சேர்ந்துகொள்ளும். பறவைக்காக ஒதுக்கிய பணத்தில் பறவையின் கூட்டைக் கலைக்கிற வேலை நடக்கும், அதற்கு ரசீதும் சரியாக இருக்கும். மாசி முதல் ஆனி முடிய சோலைக்குள் வெட்டு வேலை, மண் வேலை எதுவும் கூடாது என்று திட்டத்திலேயே எழுத வேண்டும். செலவாகாத பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வழியும் அதிலேயே வேண்டும். இந்த ஒரு வரிக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாக மொட்டையடிப்பதும் ஆகாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே நிழலை எடுத்து, ஜேசிபி விட்டு மண்ணைக் கிளறினால் வெட்டியதைவிடப் பத்து மடங்கு முளைத்து வரும். நிழல் இருக்கிற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளையைக் குறைத்து, அடியில் நாவல், விக்கி போன்ற சோலை மரங்கள் தலைதூக்கிய பிறகு மீதி மரத்தை எடுப்பதுதான் நல்லது. இதற்கு ஒரு பத்தாண்டுத் திட்டம் போதாது. 30 ஆண்டு எண்ணி வரைந்து, அதைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். செஸ்ட்ரம் பழத்தையும் பறவைகள் தின்கின்றன, அவைதான் அதைப் பரப்பவும் செய்கின்றன. ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் பிடுங்கினால் அந்தப் பழத்துக்குப் பதில் வேறு பழம் இருக்காது. தவிட்டுப்பழச் செடியை முதலில் வையுங்கள், காய்க்கட்டும், அப்புறம் மற்றதைப் பிடுங்குங்கள்.

மரக்கன்று விழா பற்றியும் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஓர் அமைப்பு பந்தல் போட்டு, மைக் வைத்து, ஐப்பசி மழையில் சோலைக் கன்றுகளை வெட்டவெளியில் நட்டது. படம் எல்லாம் நன்றாக வந்தது. மார்கழி உறைபனியில் பள்ளத்துக் கன்றுகள் கருகின, மிச்சம் மாசி வெயிலில் போனது. குழிகளில் இப்போதும் யூபடோரியம் என்கிற களைதான் நிற்கிறது. சோலை மரக் கன்று இளவயதில் பனியையும் நேர் வெயிலையும் தாங்காது. தாய்மர நிழல் வேண்டும். எத்தனை கன்று நட்டோம் என்று அறிக்கை எழுதும் வழக்கம் போகாதவரை இந்தப் பந்தல் திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பதிலாக வருஷாவருஷம் அதே மாதத்தில், அதே இடங்களில், விடியற்காலையில் உட்கார்ந்து சோலைக்கிளியின் சீழ்க்கை எத்தனை இடத்தில் கேட்கிறது என்று குறித்து வையுங்கள். ஊர்ப் பிள்ளைகளே செய்வார்கள். கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், ஆர்வம் என்று சொல்லி இலவசமாக வாங்காதீர்கள். புதிதாகச் சீர்செய்த இடத்தில் அது கூடு கட்டினால் வேலை சரி. கட்டவில்லை என்றால் கன்று எத்தனை லட்சம் நட்டிருந்தாலும் வேலை சரியில்லை.

ராம்சார் தளத்தின் தகவல் குறிப்பை ஆறு ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. 2030க்குள் அதில் எழுத நம்மிடம் இந்தக் கணக்கு இருக்க வேண்டாமா? ரேஞ்சர் மாறுவார், மாவட்ட வன அலுவலர் மாறுவார். காட்டுக் காவலுக்கு வாட்சராக இருக்கிறவர்தான் பெரும்பாலும் அதே இடத்தில் இருப்பார், அவர் சம்பளமோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் குறிப்பேடு அவர் கையில், தமிழில் இருக்கட்டும்.

உலர்ந்த மரத்தை "சுத்தம்" செய்வதையும் நிறுத்த வேண்டும். பொந்து அதில்தான் இருக்கிறது. சுற்றுலாவுக்காகப் புதுப் பாதை, தொங்குபாலம், விளக்குக் கம்பம் எதுவும் வேண்டாம். இருக்கிற பாதையே போதும். காட்டுமாடுகள் அந்த வழியே போகட்டும், எப்படியும் அவை யாரையும் கேட்டு நடப்பதில்லை.

கடைசியாக எங்கள் பங்கு. சோலைக்கு வெளியே ஓடைகள் தேயிலைக்கு நடுவே இறங்குகின்றன. ஓடையின் இரண்டு கரையிலும் சில மீட்டர் அகலத்துக்குப் புதர் விட்டால், சோலைக்கிளி மாதிரிப் பறவைகளுக்கு அடுத்த காட்டுத்துண்டுக்குப் போக வழி கிடைக்கும். சோலையோரம் களைக்கொல்லி அடிக்காமல் இருப்பதும், சில்வர் ஓக் நிற்கிற எல்லையில் நாவலும் செண்பகமும் வைப்பதும் எங்களால் முடிந்தவை. என் மேல் வரிசை இரண்டையும் இதற்கு விடத் தயார் என்று எங்க வீட்டுக்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன். ஆனால் பச்சை இலை விலை இருக்கிற நிலையில் எல்லோரும் சும்மா விட மாட்டார்கள். விட்ட செடிக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைத் திட்டத்தில் வைத்தால் பேச்சு எளிதாக நடக்கும். சோலை எல்லையைத் தொடுகிற தோட்டங்கள் யார் யாருடையவை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டாலே தெரியும்.

வரைவுத் திட்டத்தைத் தமிழில் அச்சிட்டு, முடிவெடுக்கும் முன் ஊராட்சி அலுவலகங்களில் வையுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பதானால் ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். மற்ற நாள் மதியத்துக்கு மேல் எங்களுக்கு இலை எடை போடுகிற நேரம், யாரும் வர மாட்டோம். அப்புறம் பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபம் இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்