முரளிக்கு, அந்த போனஸைத் தொடுவதற்கு முன்

அன்புள்ள முரளி,

உன் செய்தி வந்தது. நலம் விசாரிப்பு இரண்டு வரி, ஆன்லைன் ஸ்லாட் (காசு கட்டிச் சக்கரத்தைச் சுழற்றும் சூதாட்டம்) ஆடப்போவது பற்றி இரண்டு பக்கம், கடைசியில் ஒரு ஸ்க்ரீன்ஷாட். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்குப் பதிலே காணோம். இருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் தேர்வு எழுதி முடித்துவிட்டாள், சின்னவன் யார் பேச்சையும் கேட்பதில்லை, சேகர் மறுபடியும் அந்த ரயில் கதையைச் சொன்னான், நாங்களும் மறுபடியும் சிரித்து வைத்தோம்.

'வேண்டாம்டா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன் என்று நினைத்திருப்பாய். சொன்னால் நீ கேட்டுவிடுவாயா? சீட்டு ஆடும்போது கையில் ஒன்றுமே இல்லாத நேரத்தில்தான் உன் குரல் உயரும், அது எனக்குத் தெரியாதா! அதனால் ஆடத்தான் போகிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் பக்கம் சட்டப்படி இதற்குத் தடை இல்லை என்கிறாய், சரி. ஆனால் உற்சாகத்தில் கணேசனுக்கு லிங்க் அனுப்பி வைக்காதே. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்துவிட்டது. 'இருக்கும் நாட்டை மறைக்க விபிஎன் போட்டுக்கொள்ளலாமே' என்பான் அவன். சட்டத்தை விடு, விபிஎன் வழியாக வந்தவன் ஜெயித்தால் அதையே காரணம் காட்டிப் பணத்தைத் தராமல் விடுவதற்கு விதிமுறையில் ஒரு வரி தயாராக இருக்கும். உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. தளத்தின் அடியில் லைசென்ஸ் முத்திரை இருக்கிறதே, அந்தப் படத்தை எவனும் ஒட்டிவிடலாம். லைசென்ஸ் கொடுத்த அமைப்பின் சொந்தத் தளத்துக்கு நீயாகவே போய், பதிவேட்டில் இந்தத் தளத்தின் முகவரி அப்படியே இருக்கிறதா என்று தேடிப் பார். இல்லையென்றால் மேற்கொண்டு நீ எதையும் படிக்க வேண்டாம்.

அப்புறம், ஆட்டம் திருப்பித் தருவதாகச் சொல்லும் அந்த 96 சதவீதம். 100 கொண்டுபோனால் எப்படியும் 96 கையில் நிற்கும் என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது. ஆர்டிபி (ஆடுபவருக்குத் திரும்பி வரும் பங்கு) என்கிற அந்தக் கணக்கு நீ கொண்டுபோகும் பணத்துக்குக் கிடையாது, நீ கட்டும் மொத்தப் பந்தயத்துக்குத்தான். ஒரு ஸ்பின்னுக்கு, அதாவது ஒரு சுழற்றலுக்கு, 1 வீதம் வைக்கிறாய், ஆறு வினாடிக்கு ஒரு ஸ்பின் என்றால் ஒரு மணி நேரத்தில் 600 ஸ்பின். கொண்டுபோனது 100தான் என்றாலும், விழுந்ததைத் திரும்பத் திரும்பப் போட்டு 600-க்குப் பந்தயம் கட்டியிருப்பாய். அதில் 4 சதவீதம், அதாவது 24, சராசரியாக அவர்களுக்கு. அடுத்த மணி நேரமும் உட்கார்ந்தால் இன்னொரு 24. அந்தச் சராசரியும் லட்சக்கணக்கான ஸ்பின்களில்தான் ஒரு நிலைக்கு வரும். உன் ஒரு மாலைப்பொழுதில் எது வேண்டுமானாலும் நடக்கலாம், ஐந்து நிமிடத்தில் 100-ம் போவது உட்பட. இன்னொன்று, ஒரே ஆட்டத்தையே 96, 94, இன்னும் குறைவு என்று பல ஆர்டிபியில் தயாரித்துத் தருகிறார்கள். எதை வைப்பது என்பது தளத்தின் விருப்பம். அதனால் வேறெங்கோ படித்த எண்ணை நம்பாமல், நீ ஆடப்போகும் தளத்தில் அந்த ஆட்டத்தைத் திறந்து, உள்ளே இருக்கும் தகவல் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்.

'ரொம்ப நேரமாக விழாத மெஷினில் சீக்கிரம் விழும்' என்ற உன் ஆராய்ச்சியை மூர்த்தி அண்ணனிடம் சொல்லிவிடாதே, அவர் ஆயுளுக்கும் விடமாட்டார். முடிவைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் நிரலுக்கு, அதாவது ராண்டம் நம்பர் ஜெனரேட்டருக்கு, முந்தைய ஸ்பின் நினைவில் இருக்காது. நீ பட்டனை அழுத்தியதுமே முடிவு வந்துவிடுகிறது, அதற்கப்புறம் சக்கரம் சுழல்வதெல்லாம் காட்சிக்கு. மூன்றாவது சின்னம் கோட்டுக்கு ஒரு படி மேலே நின்றுபோகுமே, 'அடடா, மயிரிழையில்!' என்று தோன்றும். உண்மையில் அதுவும் மற்றதைப் போல ஒரு தோல்விதான். ஆனால் 2009-இல் 'நியூரான்' இதழில் வந்த ஓர் ஆய்வில், இப்படி மயிரிழையில் தவறும்போது மூளையில் ஜெயிக்கும்போது தூண்டப்படும் பகுதிகளே தூண்டப்படுவதாகக் கண்டார்கள். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. நீ 1 போட்டிருப்பாய், 0.40 திரும்பி வரும், திரையில் காசு கொட்டும், மேளதாளம் முழங்கும், ஓரத்தில் பொடி எழுத்தில் உன் இருப்பு 0.60 குறைந்திருக்கும். பிரிட்டனில் 2021 அக்டோபர் முதல் இப்படித் தோல்வியைக் கொண்டாடுவதையும், தானாகவே சுழன்றுகொண்டிருக்கும் ஆட்டோபிளேயையும், ஒரு ஸ்பின் 2.5 வினாடிக்குள் முடிவதையும் தடை செய்திருக்கிறார்கள். உன் தளத்தில் ஆட்டோபிளே இருந்தால் அதைத் தொடாதே, கையாலேயே ஆடு. முதலில் டெமோவில் ஆடு, காசில்லாமல், சலித்துப்போகும் வரை. டெமோவிலேயே சலித்துவிட்டால் உனக்கு லாபம்.

இப்போது அந்த ஸ்க்ரீன்ஷாட். '200 சதவீத வரவேற்பு போனஸ், இலவசப் பணம்டா' என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய். இதைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. 100 கட்டுகிறாய், 200 தருகிறார்கள், திரையில் 300. கீழே '35 மடங்கு' என்று ஒன்று இருக்கிறது, நீ கவனிக்கவில்லை. பணத்தை வெளியே எடுக்க வேண்டுமானால் போனஸைப் போல 35 மடங்குக்குப் பந்தயம் கட்டியாக வேண்டும். 200 பெருக்கல் 35, அதாவது 7,000. ஒவ்வொரு சுற்றிலும் அந்த 4 சதவீதம் போகிறதே, 7,000-க்கு அது 280. உன் 300-இல் சராசரிக் கணக்குப்படி மிஞ்சுவது 20. உன் சொந்தக் காசே 100 என்பதை மறந்துவிடாதே! இதுவும் மடங்கைப் போனஸுக்கு மட்டும் கணக்கிட்டால்தான். 'டெபாசிட்டும் போனஸும் சேர்த்து' என்று போட்டிருந்தால் 300 பெருக்கல் 35, அதாவது 10,500. அதில் 4 சதவீதம் 420, திரையில் இருப்பதே 300. பெரும்பாலானவர்கள் பாதி வழியிலேயே காலியாகிவிடுவார்கள்.

போதாததற்குக் கிளை விதிகள் வேறு. போனஸ் ஓடும்போது ஒரு ஸ்பின்னுக்கு இவ்வளவுக்கு மேல் வைக்கக்கூடாது, தெரியாமல் ஒரு தடவை வைத்தாலும் ஜெயித்தது அத்தனையும் ரத்து. சில ஆட்டங்கள் கணக்கில் சேராது. இத்தனை நாளைக்குள் முடிக்க வேண்டும். முடித்தாலும் இவ்வளவுக்கு மேல் எடுக்க முடியாது. பிரிட்டனில் 2026 ஜனவரியிலிருந்து 10 மடங்குக்கு மேல் கேட்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கில் உன் 200-க்கு 2,000-க்குப் பந்தயம் கட்டினால் போதும், சராசரி நஷ்டம் 80. அது போனஸ்! உனக்கு வந்திருப்பது கல்யாண மண்டப வாசலில் சந்தனம் கொடுத்து உள்ளே அழைத்து, மொய் வைக்காமல் வெளியே விடாத ஏற்பாடு. டெபாசிட் செய்யும் இடத்தில் 'போனஸ் வேண்டாம்' என்று ஒரு தேர்வு இருக்கும், தேடி எடு. போனஸ் இல்லாவிட்டால் உன் 100 உன்னுடையது, ஜெயித்தால் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போகலாம்.

எடுப்பதிலும் ஒரு வித்தை இருக்கிறது. உள்ளே வாங்கும்போது ஒரு நிமிடம், வெளியே தரும்போது அடையாள அட்டை, முகவரிச் சான்று, செல்ஃபி. அதனால் கேஒய்சி என்கிற இந்த அடையாளச் சரிபார்ப்பை முதல் நாளே முடித்துவிடு. முதலில் ஒரு சின்னத் தொகையை எடுத்துப் பார். பணம் வங்கிக்கு வந்து சேருவதற்கு முன் 'ரத்து செய்து தொடர்ந்து ஆடுகிறீர்களா' என்று கேட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போ.

டெபாசிட் வரம்பை முதல் காசு போடுவதற்கு முன்பே வைத்துவிடு. ஒழுங்கான தளங்களில் வரம்பைக் குறைத்தால் உடனே நடக்கும், கூட்டினால் காத்திருக்க வைப்பார்கள், அந்த இடைவெளி உன்னைப் போன்ற ஆளுக்காகவே வைத்தது. கிரெடிட் கார்டு கூடாது. பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல் சூதாட்டத்துக்கு அதை அனுமதிப்பதே இல்லை.

சரி, கிண்டலை விடு. நீ எழுதிய இரண்டு பக்கத்தில் வசந்தியின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. வழக்கமாக நீ எழுதினால் நாலு வரிக்கு ஒருமுறை வசந்தி இதைச் சொன்னாள், அதற்குத் திட்டினாள் என்று வரும். அவளுக்குத் தெரியுமா? போன வருடம் பாஸ்கரின் சூதாட்ட விஷயம் வெளியே வந்தபோது ஏறியிருந்த கடனைவிட, அவன் குளியலறைக்கும் போனைக் கொண்டுபோனதை யாரும் கேட்கவில்லையே என்றுதான் அவன் மனைவி அழுதாள். போனதை மீட்கிறேன் என்று உட்கார்வது, யாரிடமாவது கைமாற்றுக் கேட்பது, பொய்த் தொகை சொல்வது, இதில் ஒன்று வந்தாலும் கணக்கைப் பூட்டிவிடு. தன்னைத்தானே விலக்கிக்கொள்ளும் வசதி லைசென்ஸ் உள்ள தளங்களில் இருக்கும். பிரிட்டனில் 'கேம்ஸ்டாப்' என்று ஒன்று இருக்கிறது, ஒரே பதிவில் அங்கே லைசென்ஸ் உள்ள எல்லாத் தளங்களும் குறைந்தது ஆறு மாதத்துக்கு அடைபடும். அப்படி ஒரு நிலை வந்தால் நடுராத்திரியானாலும் என்னைக் கூப்பிடு, திட்டமாட்டேன். திட்டுவேன், ஆனால் மறுநாள்.

இன்றைக்கே வசந்தியிடம் சொல். அந்த போனஸின் நிபந்தனைப் பக்கத்தை முழுசாக எனக்கு அனுப்பு, பொடி எழுத்தோடு சேர்த்து. ஞாயிற்றுக்கிழமைக்குள் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரைக்கும் 'டெபாசிட்' பட்டன் பக்கமே போகாதே.

அன்புடன்,
ராகவன்