அண்ணன் மகள் கோடிங் படிக்கலாமா?

முக்கூடல்,
ஆனி 20

அன்புள்ள பேச்சிக்கு,

செண்பகம் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். தாராவியில் மழைத் தண்ணீர் வாசல் வரைக்கும் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இப்போது வடிந்துவிட்டதா? இங்கே சாரல்தான். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. பாபநாசம் அணையில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிப்போய் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, தேய்மானம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

சரி, நீ கேட்ட விஷயம். உன் அண்ணன் மகள் மைக்ரோபயாலஜி முடித்துவிட்டாள், மெடிக்கல் கோடிங் படிக்கட்டுமா, வீட்டிலிருந்தே காண்டிராக்டில் பார்க்கலாம் என்கிறார்களே என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லியிருக்கலாம். மதினியும் அந்தப் பிள்ளையும் ஒருமுறைக்கு இரண்டு முறை வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மதினி இதைக் கம்ப்யூட்டர் வேலை என்று நினைத்திருப்பாள். இது முழுக்க முழுக்க வாசிக்கிற வேலை. அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போனதும், டாக்டர் எழுதிய குறிப்பு நம்மிடம் வரும். சார்ட் என்போம். என்ன நோய் என்பதற்கு ஐசிடி கோடு, டாக்டர் என்ன செய்தார் என்பதற்கு சிபிடி கோடு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். இல்லாவிட்டால் பில் திரும்பி வந்துவிடும். அதற்கு டினையல் என்று பெயர். திரும்பி வந்ததைப் போனில் பேசி வசூல் பண்ணுகிறவர்கள் ஏஆர் காலிங்காரர்கள். அவர்களுக்கு ராத்திரி வேலை. கோடிங் பெரும்பாலும் பகல் வேலைதான், இதை மதினியிடம் முதலில் சொல்லிவிடு.

நிஜ சார்ட்டைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசக்கூடாது. நோயாளியின் விவரத்தைக் காக்க 1996-ல் அமெரிக்காவில் கொண்டுவந்த ஹிப்பா சட்டம் அப்படி. வீட்டில் வேலை பார்த்தாலும் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், மேசையில் போன், பேனா, தாள் எதுவும் இருக்கக் கூடாது. அதனால் நானே ஒரு பெரியவரைக் கற்பனை செய்து சொல்கிறேன்.

வயது எழுபதுக்கு மேல். இருமலும் காய்ச்சலுமாகக் கிளினிக்குக்கு வருகிறார். டாக்டர் கடைசியில், 'நிமோனியாவாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்கவும்' என்று எழுதுகிறார். புதிதாகச் சேர்ந்த பிள்ளை நிமோனியாவுக்கு ஜே18.9 போட்டுவிடும். போடக்கூடாது. வந்து பார்த்துவிட்டுப் போகிற நோயாளிக்கு 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்றெல்லாம் எழுதியிருந்தால் அதை நோயாக எடுக்கக் கூடாது என்பது விதி. இருமலுக்கு ஆர்05.9, காய்ச்சலுக்கு ஆர்50.9, அதோடு சரி. அதே பெரியவர் ஆஸ்பத்திரியில் படுத்துத் தேறி வீட்டுக்குப் போகிறார், டிஸ்சார்ஜ் குறிப்பிலும் அந்த 'இருக்கலாம்' அப்படியே நிற்கிறது என்று வை. இப்போது ஆஸ்பத்திரியின் பில்லில் நிமோனியா என்றே போடலாம்.

இன்னும் கீழே போனால் சுகர் என்று ஒரு வரி, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு என்று ஒரு வரி. சுகரால்தான் சிறுநீரகம் கெட்டது என்று டாக்டர் எழுதவில்லை. ஆனாலும் வேறு காரணம் எழுதாத வரைக்கும் இரண்டையும் சேர்த்து இ11.22 போட வேண்டும். கூடவே கோளாறு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு என்18 வரிசையில் ஒன்று. டாக்டர் எழுதியதை ஓரிடத்தில் விட வேண்டும், எழுதாததை இன்னோரிடத்தில் சேர்க்க வேண்டும். இதற்கெல்லாம் விதி எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு இந்த வேலை பிடித்துவிடும். எனக்கு அப்படித்தான் பிடித்தது. சாரா டக்கர் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது தவளையை அறுத்து ஒவ்வொரு நரம்பாகப் பெயர் சொல்லுவோமே, அந்தச் சந்தோஷம் இதிலும் இருக்கிறது.

ஆனால் நான் இந்த வேலையை மதிக்கிறதற்குக் காரணம் வேறே. நான் பார்ப்பது எச்சிசி புராஜெக்ட், ஆளுக்கு என்னென்ன பெரிய நோய் இருக்கிறது என்று கணக்கெடுக்கிற வேலை. அங்கே வயதானவர்களுக்கு மெடிக்கேர் என்று அரசாங்கத் திட்டம் உண்டு. அதில் ஒரு வகையில் தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அரசாங்கமே ஆள் கணக்கில் பணம் கட்டும். ஆளுக்கு நோய் கூடுதல் என்றால் பணமும் கூடுதல். அந்த நோய் அந்த வருஷத்துக் குறிப்பிலேயே இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே கால் எடுத்த மனுஷருக்கு, கால் இல்லை என்பதைக்கூட வருஷா வருஷம் டாக்டர் எழுதினால்தான் கணக்கில் வரும். இப்போது ஒருவருக்கு எப்போதோ பக்கவாதம் வந்து தேறிவிட்டது. குறிப்பில் 'ஸ்ட்ரோக்' என்று ஒற்றைச் சொல் கிடக்கிறது. ஐ63.9 போட்டால் இப்போது வந்திருக்கிறது என்று அர்த்தம், கம்பெனிக்குப் பணம் வரும். இசட்86.73 போட்டால் முன்பு வந்து போனது, பணம் கிடையாது. மேலே கீழே வாசித்து, மருந்து என்ன, தேதி என்ன என்று பார்த்து, சரியானதைப் போடுவது நம் கையில். அது அந்த ஊர் ஜனங்களின் வரிப்பணம். பொய்க் கணக்குக் காட்டி அரசாங்கப் பணத்தை எடுப்பவர்களைத் தண்டிக்க 1863-லேயே அங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். முக்கூடலில் ஒரு அறைக்குள் இருந்துகொண்டு அந்தக் கணக்கை நேராக வைக்கிறோம் என்பது எனக்குப் பெரிய விஷயம், பேச்சி.

படிப்பைப் பற்றி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இறங்கினால் கோடிங் சென்டர் போர்டுகளாக இருக்கும். '100 சதவீத வேலை உத்தரவாதம்' என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். உடற்கூறும் மருத்துவச் சொற்களும் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்களா என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேரச் சொல். சான்றிதழில் பெரும்பாலும் கேட்பது ஏஏபிசி என்ற அமெரிக்கக் கோடிங் அமைப்பு நடத்தும் சிபிசி பரீட்சை. 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். அதனால் சுலபம் என்று நினைக்கக் கூடாது. புத்தகத்தைப் புரட்டிப் பழகாதவர்களுக்கு நேரம் போதாது. அனுபவம் இல்லாமல் பாஸ் பண்ணினால் பெயருக்குப் பின்னால் சிபிசி-ஏ என்று வரும், அனுபவம் காட்டினால் அந்த 'ஏ' போய்விடும். பாஸ் ஆனதோடு முடியாது. நோய்க் கோடுகள் வருஷா வருஷம் அக்டோபர் 1-ல் மாறும், சிபிடி ஜனவரி 1-ல். 2015 அக்டோபரில் ஐசிடி-9 போய் ஐசிடி-10 வந்தபோது 14,000 அளவில் இருந்த கோடுகள் 69,000 அளவாயின. படித்துக்கொண்டே இருக்க மனசுள்ள பிள்ளையா என்று நீதான் சொல்ல வேண்டும்.

இனி காண்டிராக்ட். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காண்டிராக்டில் மாதச் சம்பளம் கிடையாது. சார்ட்டுக்கு இவ்வளவு என்று ரேட். நாம் போட்டதில் கொஞ்சம் எடுத்து ஆடிட் பார்ப்பார்கள், 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் அந்த மொத்தத்தையும் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள், இரண்டாம் முறை பார்ப்பதற்குக் காசு இல்லை. கெடு தேதி நெருங்கும்போது ஆள் பற்றாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுப்பார்கள். முடிந்ததும் ஒரு மெயில், மறுநாள் லாகின் திறக்காது. நான் முன்பு பார்த்த ஓர் இடத்தில், மேலே இருக்கிற கம்பெனி கொடுத்த பிறகுதான் தருவோம் என்று இரண்டு மாசப் பணத்தை நிறுத்தி வைத்தார்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியாது. நாம் வேலைக்காரர் இல்லையாம், 'கன்சல்டன்ட்' என்று தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. கையில் வரும்போதே வருமான வரி என்று 10 சதவீதம் பிடித்துக்கொண்டு வரும். வருமானம் குறைவாக இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். இது பல பிள்ளைகளுக்குத் தெரியாமல் அந்தப் பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வீட்டைப் பழுதுபார்க்க லோன் கேட்டு ஒரு பாங்கிக்குப் போனேன். சம்பளச் சீட்டு கொண்டு வாருங்கள் என்றார்கள். என்னிடம் எங்கே இருக்கிறது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உனக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழை. ஆறு கரை புரண்டு வந்தது. எங்களுக்குக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. நிரந்தர வேலையில் இருந்தவர்களுக்கு அந்த நாட்களை லீவாக எடுத்துக்கொண்டார்கள். காண்டிராக்ட்காரர்களுக்கு அந்த வாரச் சார்ட் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

இப்படியெல்லாம் நடக்கும்போது நான் அம்மாவைத்தான் நினைத்துக்கொள்வேன். அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றினவள். உனக்குத்தான் தெரியுமே, எத்தனை நாள் நம் இரண்டு பேரையும் இலை வெட்ட உட்கார்த்தி வைத்திருக்கிறாள். அவளுக்கும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் ரேட். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று கழித்துப் போடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. அவளும் வீட்டில் இருந்துதான் வேலை பார்த்தாள். வேலை வாங்குகிற முறையில் அவளுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் அவளிடம் பாஸ்புக் இருந்தது. பி.எஃப். பிடித்தார்கள், இன்றைக்கும் மாசா மாசம் ஆயிரத்துச் சொச்சம் பென்ஷன் வருகிறது. பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து எனக்குப் படிப்புக்கு உதவித்தொகை வந்தது. அதில்தான் பரீட்சைப் பணம் கட்டினேன். இந்த முக்கூடலிலேயே பீடித் தொழிலாளருக்கென்று மத்திய அரசு ஆஸ்பத்திரி கட்டினார்கள். 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டமே வந்தது. நான் தினமும் புரட்டுகிற சிபிடி புத்தகமும் முதன்முதலில் வெளிவந்தது அதே 1966-ல்தான்.

பீடி நல்ல வேலை என்று சொல்ல வரவில்லை. அந்தத் தூள் அம்மாவின் நெஞ்சைக் கெடுத்தது, குனிந்தே இருந்து இடுப்பும் போனது. அந்தப் பாஸ்புக்கும் தானாக வந்துவிடவில்லை. சங்கம் வைத்து, கேட்டுக் கேட்டு வாங்கினது. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைகள் வாங்கிக்காட்டியதை, பட்டம் வாங்கின நாங்கள் கேட்கக்கூட வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு ஆறவில்லை. இப்போது எங்கள் புராஜெக்டில் இருக்கிற பெண்கள் சிலர் சேர்ந்து, பணம் கொடுக்க ஒரு தேதியும், திரும்பப் பார்க்கிற சார்ட்டுக்குப் பாதி ரேட்டும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்து பி.எஃப். கேட்போம்.

ஏளா, இதையெல்லாம் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துகிறேன் என்று நினைத்துவிடாதே. அவள் படிக்கட்டும். முதல் வேலை மட்டும் காண்டிராக்டில் வேண்டாம். சம்பளம் குறைவாக இருந்தாலும் சென்னையிலோ திருச்சியிலோ ஒரு கம்பெனியில் நிரந்தரமாகச் சேரட்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் முதலில் 15,000 ரூபாய் அளவில்தான் வாங்கினார்கள், விடுதிக்கும் சாப்பாட்டுக்குமே அது சரியாகப் போய்விடும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து தப்பைத் திருத்துகிற சீனியர் அங்கேதான் கிடைப்பார். வீட்டில் தனியாக உட்கார்ந்த புதுப் பிள்ளைக்கு அது கிடைக்காது. கல்யாணம், குழந்தை என்று ஊருக்கு வந்த பிறகு, கையில் அனுபவம் இருந்தால் காண்டிராக்டிலும் ரேட் பேசலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே ரிப்போர்ட் மாதிரி இரண்டு வரிச் சார்ட்டுகளை இப்போது சாஃப்ட்வேரே போட்டுவிடுகிறது, ஆள் சரிபார்த்தால் போதும். அதனால் பிள்ளை எக்ஸ்ரே சார்ட்டோடு நின்றுவிடக் கூடாது. அறுவைச் சிகிச்சை, ஆஸ்பத்திரியில் படுத்தவர்களின் சார்ட், டினையல், ஆடிட் என்று மேலே போக வேண்டும். அங்கே இன்னும் ஆளுக்குத் தேவை இருக்கிறது.

ஆடி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அனுப்பி வைக்கச் சொல். அம்பையிலிருந்து முக்கூடல் பக்கம்தானே. பழைய ஐசிடி புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது, பழகுவதற்கு அது போதும். பரீட்சைக்கு மட்டும் அந்த வருஷத்துப் புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். வேலை கிடைத்தால் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை எனக்கு அனுப்பச் சொல். 'கன்சல்டன்ட்' என்று இருக்கிறதா, 'எம்ப்ளாயி' என்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு வருவதாக இருந்தால் ரயில் டிக்கெட்டை மறந்துவிடாதே, இப்போது அறுபது நாளைக்கு முன்புதான் புக்கிங் திறக்கிறார்கள். அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். பதில் போடு.

அன்புடன்,
செண்பகம்