பாதிச் சம்பளம் வரிக்கா? அப்பாவுக்கு ஒரு கடிதம்

ஸ்டாக்ஹோம், ஸ்வீடன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். போனில் பேசும்போது, "சம்பாதிப்பதில் பாதியை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் ஊரில் என்னம்மா மிச்சம் பிடிப்பாய்?" என்று கேட்டீர்கள். அவசரத்தில் பதில் சொல்ல முடியவில்லை.

நகராட்சிக்கும் மாகாணத்துக்கும் சேர்த்து வருமான வரி சராசரியாக 32 சதவீதம். ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் அரசு வரி இன்னொரு 20 சதவீதம். கடையில் பெரும்பாலான பொருள்களுக்கு விற்பனை வரி 25 சதவீதம். இதெல்லாம் போக, கம்பெனியும் என் சம்பளத்துக்கு மேல் 31.42 சதவீதம் தனியாகக் கட்டுகிறது. ஓய்வூதியம், நோய்க்கால உதவி எல்லாம் அதிலிருந்துதான். ஆக, உங்கள் கணக்கு அப்படியொன்றும் தப்பில்லை.

ஆனால் பாப்பா பிறந்தபோது அந்தப் பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தேன். ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் உதவித்தொகையோடு விடுப்பு. அதில் 90 நாள் அப்பாவுக்கென்றே ஒதுக்கியது, அம்மாவுக்கு மாற்றித் தர முடியாது. உங்கள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பாப்பாவைக் குளிப்பாட்டி, சோறூட்டித் தூங்கவைத்தார். நான் வேலைக்குப் போனேன். பாலர் பள்ளிக் கட்டணம் முதல் குழந்தைக்கு வீட்டு வருமானத்தில் 3 சதவீதத்தைத் தாண்டாது, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. மாதம் 1,250 குரோனர் (இங்கத்துப் பணம்) குழந்தைப் பணம், கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே தொகை. எல்லோர் கைக்கும் ஏதோ ஒன்று திரும்பி வருவதால்தான் இந்த ஏற்பாடு இத்தனை காலம் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

பணக்காரர்களிடம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுக்கும் நாடு என்று மாமா சொல்வார் இல்லையா, அது பாதிதான் சரி. 1976-இல் குழந்தை எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன், கூடுதலாகச் சம்பாதித்த பணத்துக்குத் தனக்கு 102 சதவீத வரி வந்ததைப் பத்திரிகையில் கதையாகவே எழுதினார். அவர் இடதுசாரிகளுக்கே வாக்களித்து வந்தவர். அந்த ஆண்டுத் தேர்தலில், 44 ஆண்டுகள் ஆண்ட இடதுசாரியான சமூக ஜனநாயகக் கட்சி தோற்றது. மரச்சாமான் நிறுவனமான ஐக்கியாவின் (IKEA) நிறுவனர் காம்ப்ராட் அதிக வரியால் 1973-லேயே நாட்டைவிட்டு வெளியேறியவர், 2014-இல்தான் திரும்பினார். அப்புறம் வாரிசு வரியை அதே இடதுசாரிக் கட்சியே நீக்கியது. பணக்காரர்களின் மொத்தச் சொத்து மீதான செல்வ வரியை 2007-இல் வலதுசாரி அரசு நீக்கியது. இன்று சுமையில் பெரும்பங்கு எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் தோளில்தான். பரம்பரைச் சொத்து வரியில்லாமல் கைமாறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குறையும் இருக்கிறது. என் முதுகுவலிக்குச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தேன். 90 நாளுக்குள் பார்க்க வேண்டும் என்று விதி உண்டு, ஆனால் பல இடங்களில் தள்ளிப்போகிறது. வாடகை ஏறாமல் கட்டுப்படுத்தப்பட்ட வீட்டுக்கு இந்த நகரத்தில் ஆண்டுக்கணக்கில் வரிசை. நாங்கள் இன்னும் வேறொருவர் வாடகைக்கு எடுத்த வீட்டில் உள்வாடகையில்தான் இருக்கிறோம். இவ்வளவு வரி கட்டிவிட்டுக் காத்திருக்கும்போது கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் பர்ஸைத் தொடாமல் மருத்துவரிடம் போகிறேன். ஊரில் தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்கு நீங்கள் அலைந்தது எனக்கு மறக்கவில்லை.

கோடையில் வரும்போது ஒன்று கவனியுங்கள். இந்தச் சலுகையெல்லாம் இங்கே குடியிருப்பவர்களுக்குத்தான். விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள், எடுத்துவிடுங்கள். அம்மாவின் சர்க்கரை மாத்திரையையும் சீட்டோடு, தங்கும் நாளுக்குச் சற்றுக் கூடுதலாகவே கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்