மாளா யூதக் கல்லறைத் தோட்டம்: ஞாயிறு பயணம்

நண்பர்களே, வர்ற ஞாயிறு திருச்சூர் மாவட்டத்து மாளாவுக்குப் போகிறோம், கிளம்பும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

மாளாவில் வாழ்ந்த யூதர்கள் 1955-ல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது தங்கள் தொழுகைக்கூடத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பாதுகாக்கச் சொல்லி ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதியிலேயே விளையாட்டரங்கம் வந்தது, உள்ளூர்க்காரர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். இன்று அங்கே எஞ்சி நிற்கும் கல்லறைகள் மிகக் குறைவு. நம்பி ஒப்படைத்த இடத்துக்கு இப்படி ஆகியிருக்கவே கூடாது.

திரும்பும் வழியில் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம். அங்குள்ள தொழுகைக்கூடத்தின் முன்னால் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்லறைக் கல் நிற்கிறது, இஸ்ரேல் என்பவரின் மகள் சாராவுடையது, எபிரேய எழுத்து. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். பக்கத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள்.

எழுத்து தெளியட்டும் என்று கல்லில் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் தேய்க்காதீர்கள், பாசியைச் சுரண்டவும் வேண்டாம், கல்லின் மேல்தோலே உரிந்து வந்துவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும், மங்கிய எழுத்தும் படத்தில் நன்றாக விழும். பூ கொண்டுவர வேண்டாம். யூதர் வழக்கப்படி ஒரு கூழாங்கல் வைக்கலாம், வெளியே வந்ததும் கை கழுவுவதும் அவர்கள் வழக்கம்தான், அதனால் தண்ணீர் பாட்டில் அவசியம். கல்லறை மேல் யாரும் உட்காரக் கூடாது, குழந்தைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள், வேன் சொல்ல வேண்டும்.