தம்பிக்கு, உங்கட ஆல்பம் கேட்டிட்டன்

தம்பி, நீ அனுப்பின உங்கட ராப் ஆல்பத்தின்ர லிங்க் ரெண்டு நாளாத் திறக்கத் தெரியாமல் கிடந்து, பிறகு பக்கத்து வீட்டுப் பெடியன்தான் வந்து இறக்கித் தந்தவன். 17 பாட்டும் கேட்டிட்டன். வயலில காட்டுப்பண்டிக் காவல் எனக்கு இப்ப ஒண்டைவிட்ட நாள், கொட்டிலுக்குள்ள குந்திக்கொண்டு காதில மாட்டிக் கேட்டது, அந்த நேரம் பண்டி வந்திருந்தாலும் எனக்குக் கேட்டிராது. கொம்மாவுக்கு நாலாவது பாட்டோட காணும் எண்டிட்டா.

உள்ளதைச் சொல்லுறன், கோவிக்காத. நாலு பேர் சேந்து செய்தது எண்டாய், நான் விரல் மடிச்சு எண்ணினன், வந்துபோன குரல் இருபதுக்கு மேல. லண்டன் பெடியன், பாரிஸ் பெடியன், மலேசியாவில ஒராள், நோர்வேயில ஒரு பிள்ளை (அந்தப் பிள்ளை நல்லாப் பாடுது, பதினோராவது பாட்டு). உங்கட நாலு பேரின்ர குரல் எது எண்டு பிடிக்கவே எனக்கு ரெண்டாந்தரம் கேக்கவேண்டி வந்திட்டுது.

நான் காத்தான் கூத்துக்கும் கோவலன் கூத்துக்கும் எத்தினை வருசம் பிற்பாட்டு நிண்டவன் எண்டு உனக்குத் தெரியும்தானே. கூத்து ஆடுற களரிக்கு ஒராள் வந்தால் முதல் வரவு பாடவேணும், நான் இன்னார், இன்ன நாடு, என்ர வீரம் இது எண்டு தன்னைத்தானே புழுகி ஆடிறது. உங்கட ராப்பும் அதேதான், வாறவன் எல்லாம் பேரைச் சொல்லுறான், ஊரைச் சொல்லுறான், தன்னைவிட்டால் ஆளில்லை எண்டுறான், கேக்க எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது. ஆனால் வரவு முடிஞ்சால் கதை நடக்கவேணுமெல்லோ. கோவலன் வந்து வரவு பாடிப்போட்டு, சிலம்பு விக்கப் போகாமல் வீட்ட போய்ப் படுத்தால் கூத்துப் பழக்கின அண்ணாவியார் விடுவாரே? உங்கட ஆல்பத்தில முக்காவாசிப்பேர் அப்பிடித்தான் இறங்கிப் போயிட்டினம். அடுத்தமுறை ஆளைக் குறையுங்கோ, இல்லாட்டி வாறவைக்கு ஒரு வேலையாவது குடுங்கோ.

உனக்கு எட்டு வரிதான் தந்தவங்கள் எண்டு மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிக்கிறாயாம், கொக்கா சொன்னவள். நீதானே அண்டைக்கு அந்த நியூயோர்க் ராப் குழு வூ-டாங் கிளானைப் பற்றி ஒரு மணித்தியாலம் போனில அலட்டினனி, 1993ல ஒன்பது பேராப் போட்ட முதல் ஆல்பத்தில மாஸ்டா கில்லா எண்டவன் ஒரே ஒரு பாட்டிலதான் ஒரு துண்டு பாடினவன், எண்டாலும் ஒன்பதில ஒராள்தான் எண்டு. அதை எனக்குச் சொல்லிப்போட்டு நீ ஏன் இப்ப நிண்டு கொதிக்கிறாய்?

அவங்கட இன்னொரு ஆல்பத்தின்ர கதைதான் எனக்குச் சிரிப்பு. 31 பாட்டு, ஷேர் எண்ட பெரிய பாட்டுக்காரி, பார்சலோனாப் பந்துக்காரர் எல்லாரையும் கூப்பிட்டுச் செய்துபோட்டு, ஒரே ஒரு கொப்பி மட்டும் அடிச்சு பெட்டியில வைச்சு 2015ல 20 லட்சம் டொலருக்கு வித்தது, 88 வருசத்துக்கு வியாபாரமா வெளியில விடக்கூடாது எண்டு வேற. இஞ்ச நாங்கள் ஒரு கசெற்றை வைச்சு ஊர் முழுக்கக் கொப்பி அடிச்சனாங்கள், கொப்பியில இருந்து கொப்பி அடிச்சு அடிச்சு கடைசியாக் கிடைச்சவனுக்கு இரைச்சல்தான் மிச்சம். உங்கடதையும் பக்கத்து வீட்டுப் பெடியன் இதுக்குள்ள ஆறு பேருக்கு அனுப்பிட்டான், காசு வராது எண்டு கத்தாத.

உன்ர எட்டு வரியை மட்டும் எத்தினை தரம் போட்டுக் கேட்டன் எண்டு எனக்கே தெரியாது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைச் சுத்தினதைச் சொல்லியிருக்கிறாய். அப்ப சண்டைக்காலம், பற்றரிக்குத் தடை, சைக்கிள் டைனமோவில இருந்து வயர் எடுத்துத்தான் பாட்டுக் கேக்கிறது, நீ அப்ப ஆறு ஏழு வயசு, நான்தான் சுத்துவன் எண்டு அடம்பிடிச்சு சுத்துவாய், பிறகு கை களைக்க பாட்டுக்காரன்ர குரல் இழுபட்டு ஆம்பிளைக் குரல் அரக்கன் குரலாப் போகும், கொம்மா குசினிக்குள்ள இருந்து சத்தம் போடுவா. அண்ணை ஓடிவந்து பெடலை வாங்குவான்.

காசு அனுப்பவேண்டாம், இந்தமுறை நெல்லு பரவாயில்லை. இருமலுக்குக் கொம்மா சொன்ன கொத்தமல்லியை அவிச்சுக் குடி.

மற்றது, உன்ர கடைசி வரியில குரல் அப்பிடியே இழுபட்டு இறங்குது. அது கொம்பியூட்டர் பிழையோ, டைனமோவை நினைச்சு வேணுமெண்டுதான் செய்தனியோ? ஞாயிறு எடுக்கேக்க சொல்லு.

அப்பா